பரிவட்டம் கட்டிய பாக்கெட்டுகள்

லைன் ஓடுகிற வரை எங்களை யாரும் நினைப்பதில்லை, நின்றுபோன ஐந்தாவது நிமிடம் எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வீடு நெட் கொடுக்கிற தொழிலின் மொத்த மரியாதை அவ்வளவுதான். அந்தப் பக்கம் உட்கார்ந்து, வட்டம் சுற்றுவதைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிற உங்களுக்கும் இந்தப் பக்கம் உட்கார்ந்து வசவு வாங்குகிற எனக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நம் இருவருக்கும் எதிரி நடுவில் எங்கேயோ இருக்கிறான். அருப்புக்கோட்டையில், கேபிள் டிவி ஆபீஸாக இருந்து நெட் ஆபீஸாக மாறிய ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பதினோரு வருஷமாக அவனைத்தான் தேடுகிறேன். ஒரு தடவை கையும் களவுமாகப் பிடித்தேன். பார்த்தால் அது நான்தான். அந்தக் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூட்டையும் முத்திரையும்

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரமாக லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவர், லைனைச் சரிபார்க்கப் போன என்னிடம், "இந்த ஒயருக்குள்ள என்னதாம்மா போகுது?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே வாடிக்கையாளர் அவர்தான் என்பதால், டீ வரும்வரை உட்கார்ந்து விளக்கினேன். நாம் அனுப்புவது எதுவும் முழுசாகப் போவதில்லை. பேச்சானாலும் படமானாலும் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் யாரிடமிருந்து, யாருக்கு என்று விலாசம் எழுதித்தான் போகும். அந்தத் துண்டுக்குப் பெயர் பாக்கெட். விலாசத்துக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு முத்திரை போடவும் இடம் உண்டு. வத்தல் மூட்டையின் மேல் மை தொட்டு அடையாளம் போடுகிறார்களே, அந்த மாதிரி. 'இது பேச்சு, தாமதமானால் வீணாகிவிடும், முதலில் விடு' என்று அந்த முத்திரை சொல்லும்.

சொல்லும், அவ்வளவுதான். வழியில் இருக்கிற கம்பெனிகள் அதைக் கேட்டே ஆகவேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஒருத்தன் முத்திரையைப் பார்த்து முன்னால் விடுவான். அடுத்தவன் அதை அழித்துவிட்டு, போய் வரிசையில் நில் என்பான். மூன்றாவது ஆள், முத்திரை போட்டு வந்திருக்கிறதே என்ற ஒரே காரணத்துக்காகத் தூக்கி எறிந்துவிடுவான். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "செக்போஸ்ட்டுன்னு ஒரே வார்த்தையில சொல்ல வேண்டியதுதானம்மா? எல்லாப் பேப்பரும் கரெக்டா வச்சிருக்கவனத்தான் மொதல்ல ஓரங்கட்டுவான்."

ஆள் எப்போது வரும்?

திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம். பெயரைச் சொன்னால் அடுத்த முறை போகும்போது எனக்கு அங்கே குடிக்கத் தண்ணீர் கிடைக்காது, அதனால் விட்டுவிடுவோம். அந்த ஊருக்கு நாங்கள் ஃபைபர் இழுத்தபோது முதல் கனெக்‌ஷன் வாங்கியவர் கோயில் கமிட்டித் தலைவர். ஊரே அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடும். காடு கரை நிறைய. வாசல், மோட்டார் ரூம், மாட்டுக் கொட்டம், பருத்தி அடைத்து வைத்திருக்கும் குடோன் என்று எட்டு கேமரா மாட்டியிருந்தார். சென்னையில் வேலை பார்க்கும் மகன் அங்கிருந்தபடியே போனில் மாட்டைப் பார்த்துக்கொள்வதற்கு.

லேப்டாப் பையோடு நான் இறங்கியதும், எனக்குப் பின்னால் இன்னும் யாராவது இறங்குகிறார்களா என்று வண்டியை எட்டிப் பார்த்தார். யாரும் இறங்கவில்லை. நான் மோடத்தை மாட்டி, கேமராக்களை இணைத்து, அவருடைய போனில் மாடு தெரிவதைக் காட்டி, கையெழுத்து வாங்க நோட்டை நீட்டினேன். அவர் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு அன்பாகச் சொன்னார்: "அது கெடக்கட்டும், நீ உக்காரும்மா. வேலை பாக்குற ஆளு எப்ப வருவாக?"

கோயிலில் எப்படியோ அப்படி

ஒரு வருஷம் போனது. அந்த ஊரின் தெற்குத் தெருவிலும் வரிசையாகக் கனெக்‌ஷன் வாங்கினார்கள். முன்பு தலைவரின் காட்டில் களை வெட்டிய, பருத்தி எடுத்த குடும்பங்கள். இப்போது பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர், சிலர் வீட்டிலிருந்தே வேலை. அந்த வாரமே தலைவர் எங்கள் ஆபீஸ் படியேறி வந்துவிட்டார். மகனுடைய போனில் மாடு அசையாமல் நின்றுவிடுகிறதாம். தெற்குத் தெருவுக்கு நெட் போனதால்தான் தன் நெட் குறைந்துவிட்டது என்று அவருக்குச் சந்தேகம். எங்கள் முதலாளி அண்ணாச்சி, வந்தவர்களிடம் முடியாது என்று சொல்லிப் பழகாதவர். என் பக்கம் திரும்பி, "ஏதாவது பண்ண முடியுமாம்மா?" என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் 'வேலை பார்க்கிற ஆள்' நான்தான் என்று காட்டிக்கொள்ள எனக்கு ஒரு ஆசை. "முடியும்" என்றேன். தலைவர் வீட்டிலிருந்து புறப்படுகிற, அங்கே போய்ச் சேருகிற அத்தனை பாக்கெட்டுக்கும், பேச்சுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிற உச்சமான முத்திரையைப் போடும்படி எங்கள் கருவியில் ஐந்து வரி எழுதினேன். மாட்டுக் கொட்டத்து கேமராவுக்கும் சேர்த்துத்தான். எங்கள் எல்லைக்குள் இனி அவருடைய பாக்கெட்டுதான் முன்னால் போகும். திருவிழாவில் பரிவட்டம் முதலில் யார் தலையில் கட்டுவது என்பதற்காக இரண்டு வருஷம் தேரையே நிறுத்தி வைத்த ஊர் அது. படி இறங்கும்போது தலைவர் திருப்தியாகச் சொன்னார்: "எங்க வீட்டுக்கு வந்துட்டுத்தான் மத்த வீட்டுக்குப் போகணும். கோயில்ல எப்படியோ அப்படி."

செல்வியின் வேலை

தெற்குத் தெருவில் செல்வி என்று ஒரு பெண். இருபத்து நான்கு வயது. வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றுக்கு, வீட்டில் இருந்தபடியே புகார் போன்களை எடுக்கும் வேலை. அவள் வீட்டில் வாஷிங் மெஷின் கிடையாது. அந்தத் தெருவுக்குத் தண்ணீரே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். இருந்தும் தண்ணீர் நிரம்பவில்லை, துணி பிழியவில்லை என்று எந்த ஊரிலிருந்து யார் புலம்பினாலும், எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தில் நிழலில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவள். அம்மா முத்துப்பேச்சி, தலைவரின் காட்டில் முப்பது வருஷம் பருத்தி எடுத்தவர்; நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு நாள் செல்வி எனக்குப் போன் செய்தாள். போன் எடுத்தவுடன் ஆட்கள் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறார்களாம். மேலதிகாரி ஒரு வாரம் கெடு கொடுத்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை அவர் கேட்டுக்கொண்டிருக்க ஒரு சோதனை அழைப்பு. அதிலும் அப்படியே இருந்தால் வேலை இல்லை. நான் இங்கிருந்தே சோதித்தேன். வேகம் பிரமாதமாக இருந்தது. உடனே இந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் மனப்பாடமான, நீங்கள் எல்லோரும் கேட்டு நொந்துபோன அந்த வசனத்தைச் சொன்னேன்: எங்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். நிதானமாக இதைத்தான் சொன்னாள்: "அவுக பேசுறது எனக்கு நல்லாக் கேக்குதுக்கா. நான் பேசுறதுதான் அவுகளுக்குக் கேக்க மாட்டேங்குது."

மேலே உள்ளவர்கள்

நாங்களே நெட் விளைவிப்பதில்லை. மதுரையில் ஒரு பெரிய கம்பெனியிடம் மொத்தமாக வாங்கித்தான் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். ஆபீஸில் அவர்களுக்குப் பெயர் 'மேலே உள்ளவர்கள்'. எங்கள் எல்லைக்குள் செல்வியின் பேச்சு ஒரு துண்டுகூடக் குறையாமல் போகிறது, உங்களிடம் வந்த பிறகுதான் காணாமல் போகிறது என்று அவர்களுக்கு எழுதினேன். புகார் எண் வந்தது. அடுத்த நாள், புகார் தீர்க்கப்பட்டுவிட்டது என்று செய்தி வந்தது. தீரவில்லை என்று எழுதினேன். புதிதாக ஒரு எண் வந்தது. மூன்றாவது எண்ணுக்கு நான் எழுதவில்லை. போனைப் போட்டு, ஒரு மனிதக் குரல் வரும்வரை வைக்க மாட்டேன் என்று காதிலேயே வைத்திருந்தேன். சாப்பாட்டு நேரம் முழுக்க அவர்களுடைய நாதஸ்வர இசையைக் கேட்டேன்.

கடைசியில் ஒரு இன்ஜினியர் வந்தார். நல்ல பையன் குரல். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதைக் கேட்டபோது, செல்விக்கு என் குரல் எப்படிக் கேட்டிருக்கும் என்று புரிந்து முகமெல்லாம் சுட்டது. "மேடம், ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாத்தீங்களா? எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு."

லைனா, சரக்கா?

அன்று மாலையே வீரசோழனில் ஒரு ஜவுளிக்கடைக்கு லைன் மாற்றப் போயிருந்தேன். கடைக்கார பாய்க்கு அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார், தினமும் வீடியோ காலில் ஒரு மணி நேரம் பேசுவார், ஒரு தடவைகூட அறுந்ததில்லை. என் முகத்தைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார், நானும் எரிச்சலில் கொட்டிவிட்டேன். செல்வி வீட்டிலும் அதே லைனில் வீடியோ கால் நன்றாக ஓடுகிறது, படம் ஓடுகிறது, ஆபீஸ் பேச்சு மட்டும் போகவில்லை என்றேன். துணியை மடித்துக்கொண்டே பாய் கேட்டார்: "ஒரே ரோட்டுல ஒரு லோடு போகுது, ஒரு லோடு போகலைன்னா, நீங்க ரோட்டையா பாப்பீங்க, சரக்கையா பாப்பீங்க?"

அந்த ஒரு வீடு

பஸ்ஸிலேயே லேப்டாப்பைத் திறந்து செல்வியின் சரக்கைப் பார்த்தேன். அவள் ஆபீஸ் மென்பொருள், பேச்சு பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் தானாகவே அந்த உச்ச முத்திரையைப் போட்டு அனுப்புகிறது. வீடியோ கால் முத்திரை இல்லாமல் சாதாரணமாகப் போகிறது. மறுநாள் காலை அவளுடைய கம்பெனிக்கு முத்திரை இல்லாமல் நூறு பாக்கெட் அனுப்பினேன், நூறும் போய்த் திரும்பி வந்தன. முத்திரை போட்டு நூறு அனுப்பினேன். அறுபத்தெட்டுதான் திரும்பின. ஸ்பீடு டெஸ்ட்டில் முத்திரை கிடையாது, அதனால்தான் எல்லோருக்கும் எல்லாம் சரியாகத் தெரிந்தது. சத்தியமாக எனக்கு அப்போது கொண்டாட்டம். மேலே உள்ளவர்களைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்!

இரண்டு கணக்கையும் அனுப்பிவிட்டு இன்ஜினியருக்குப் போன் போட்டேன். "ஏழை வீட்டுப் பெண்ணின் பேச்சை எதற்கு ஐயா தூக்கி எறிகிறீர்கள்?" என்று ஏறு ஏறு என்று ஏறினேன். அவர் இந்தத் தடவை உண்மையாகவே உள்ளே போய்ப் பார்த்தார். முத்திரை போட்டு வருவதற்கென்று அவர்களிடம் ஒரு ஒடுக்கமான தனிப்பாதை இருக்கிறதாம். பேச்சு மட்டும் வரும் என்று நினைத்துச் சின்னதாக வைத்தது. அது நிரம்பிவிட்டால் மேற்கொண்டு வரும் முத்திரைப் பாக்கெட்டுகளைக் கீழே போட்டுவிடும். எங்கள் ஆபீஸுக்கான பாதை சில வாரங்களாக, பகல் முழுக்க நிரம்பியே இருக்கிறது. "யார் நிரப்புவது?" என்று கத்தினேன். அவர் ரொம்ப மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "உங்க கஸ்டமர்ல ஒரே ஒரு வீடு மேடம். அங்க எட்டு கேமரா இருக்கு போலயே, அத்தனைக்கும் நீங்கதான் முத்திரை போட்டிருக்கீங்க."

எடுத்தது எடுத்ததுதான்

என் ஐந்து வரி. மாடு அசைபோடுவது அவசரம் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன், செல்வி பேசுவது வெளியே நிற்கிறது. தலையில் அடித்துக்கொள்ளக்கூட எனக்கு அருகதை இல்லை. யாரையும் கேட்காமல் அந்த ஐந்து வரியையும் அழித்தேன். அதோடு விடவில்லை. எங்கள் எல்லையைத் தாண்டும்போது யாருடைய முத்திரையாக இருந்தாலும், செல்வியுடையது உட்பட, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுச் சாதாரணமாக அனுப்பும்படி ஒரு வரி எழுதினேன். இது வியாழக்கிழமை.

சனிக்கிழமை தலைவர் வந்தார். வாயெல்லாம் சிரிப்பு. மகன் போனில் மாடு காதை ஆட்டுவதுகூடத் தெரிகிறதாம். தலைவர் கேமராவின் பாக்கெட்டுகளும் அந்த ஒடுக்கத்தில் சிக்கி விழுந்துகொண்டிருந்தவைதானே. "பாத்தீகளா, கொஞ்ச வாரம் ஆனாலும் மொத மரியாதை குடுத்தது எப்படி ஓடுது!" என்றார். அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். பேசாமல் இருந்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, கொடுத்ததால ஓடலை, எடுத்ததாலதான் ஓடுது. இப்ப உங்க வீட்டு பாக்கெட்டும் தெற்குத் தெரு பாக்கெட்டும் ஒரே வரிசையிலதான் போகுது" என்றேன். தலைவரின் சிரிப்பு நின்றது. "திரும்பப் போடு" என்றார். போட்டால் மறுபடியும் மாடு நின்றுவிடும் என்றேன். நிற்கட்டும் என்றார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். "போட மாட்டேன். திங்கட்கிழமை ஒரு பொண்ணுக்கு வேலை இருக்கா இல்லையான்னு முடிவாகுது. உங்க முத்திரையப் போட்டா அந்தப் பாதை திரும்ப நிரம்பும், பேச வேண்டியவுக பேச்சு விழும். அந்தத் தப்ப ஒரு தடவை நான் பண்ணிட்டேன். உங்களுக்கு வேணும்னா வேற ஆளை வச்சுப் போட்டுக்கங்க, பாஸ்வேர்டு தர்றேன்" என்றேன். அண்ணாச்சிக்கு வியர்த்துவிட்டது. தலைவர் என்னைத் திட்டவில்லை. வருத்தப்பட்ட குரலில், உள்ளதை உள்ளபடி சொன்னார்: "ஓடுறது ஓடாதது வேறம்மா. மருவாதை வேற."

சோதனை அழைப்பு

அன்றைக்கு அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், ஸ்டிக்கர் கடையில் தங்க நிறத்தில் 'விஐபி' என்று ஒன்று அடித்து, நேரே போய்த் தலைவர் வீட்டு மோடத்தின் நெற்றியில் ஒட்டிவிட்டு வந்தார். தலைவர் அதைத் தொட்டுப் பார்த்து, விளக்கைப் போடச் சொல்லி இன்னொரு தடவை பார்த்தாராம். வழக்கு முடிந்தது. எனக்குத்தான் ஆறவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நான் செல்வியின் வீட்டில் இருந்தேன். அண்ணாச்சி போக வேண்டாம் என்றார், போனேன். தப்பு செய்தவள் நான், முடிவு தெரியும்போது எதிரில் நிற்க வேண்டாமா? செல்வி ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மேஜை முன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முத்துப்பேச்சி மதினி மின்விசிறிச் சத்தம்கூட வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்கச் சுவரோடு நின்றார். அழைப்பு வந்தது. திருநெல்வேலியிலிருந்து ஒரு வாடிக்கையாளர், நடுவில் மேலதிகாரியும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்கவில்லை, கேட்கவில்லை என்று ஆட்கள் சொல்லச் சொல்ல, மூன்று வாரமாகத் தொண்டை கிழியக் கத்திப் பழகியவள், "வணக்கம் சார், நான் செல்வி பேசுறேன்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஆரம்பித்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று அவள் திருப்பி வைத்திருந்த ஸ்பீக்கரில், அந்த மனிதர் அலுத்துக்கொண்டார்: "நல்லாக் கேக்குதும்மா. எதுக்கு இப்படிக் கத்துறீக?"

இரண்டு ஸ்டிக்கர்

வேலை தப்பியது. செல்வி அழுதாள், அழுதுகொண்டே அடுத்த போனை எடுத்து, தண்ணீர்க் குழாயைத் திறந்திருக்கிறீர்களா என்று யாரிடமோ கேட்டாள். நான் கிளம்பும்போது முத்துப்பேச்சி மதினி என்னை வாசலில் நிறுத்தினார். தலைவர் வீட்டு டப்பாவில் தங்கத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறதாமே, அது என்ன, அதனால் அவர்களுக்கு நெட் கூடுதலாகவா வரும் என்று கேட்டார். ஒன்றும் வராது, வெறும் ஸ்டிக்கர் என்றேன். வெறும் ஸ்டிக்கர் என்றால் எதற்கு அங்கே மட்டும் ஒட்டினீர்கள் என்று கேட்டார்.

அடுத்த நாள் என் கைக்காசில் ஒரு தாள் நிறைய அதே தங்க ஸ்டிக்கர் அடித்துக்கொண்டு போனேன். தெற்குத் தெருவில் வீடு வீடாக ஏறி, ஒவ்வொரு மோடத்தின் நெற்றியிலும் ஒட்டினேன். அண்ணாச்சிக்குச் சொல்லவில்லை, இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். கடைசியாகச் செல்வி வீடு. தாளில் இன்னும் சில மிச்சம் இருந்தன. நான் ஒன்றை ஒட்டிவிட்டுத் தாளைச் சுருட்டியபோது முத்துப்பேச்சி மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்: "அவுக வீட்டுல ஒண்ணுதான ஒட்டியிருக்கு? நம்ம வீட்டுல ரெண்டா ஒட்டு."

ஆக, அந்த ஊரில் இப்போது எல்லா மோடமும் விஐபி, எந்தப் பாக்கெட்டும் விஐபி இல்லை, அதனால் லைன் ஒழுங்காக ஓடுகிறது.